மெட்டு நிற்க, தவில் பேச

பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டிவிட்டால், குருவிகுளம் வட்டாரத்து ஊர்க்கூட்டங்களில் தலைக்கட்டு வரி எவ்வளவு என்ற பேச்சு முடிந்த கையோடு மேளத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும். எந்த ஊர் செட்டு, எத்தனை ஆள், தவில் ஒன்றா இரண்டா? இந்தக் கடைசிக் கேள்வியில் செலவும் இருக்கிறது, சங்கீதமும் இருக்கிறது. சாமி புறப்பாட்டை ஒற்றைத் தவிலை வைத்துச் சமாளித்துவிடலாம். இரண்டு தவில் வந்தால்தான், நாயனம் ஒதுங்கிக்கொள்ள, தவில்காரர்கள் எதிரெதிரே நின்று வாசிக்கும் நேரம் என்று ஒன்று கிடைக்கும். பம்பைக்காரரும் தமுக்குக்காரரும் அடியைக் குறைத்துக்கொள்வார்கள். ஜால்ரா மட்டும் விடாமல் தாளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கூட்டம் நெருங்கி வந்து வட்டம் சுருங்கும்.

ஒரு வாத்தியக் குழு முழுவதும் ஒரு தாள வாத்தியத்துக்கு வழிவிடுகிறது. வழிவிட்ட பிறகு விலகிப் போய்விடாமல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. குறித்த இடத்தில் மறுபடி அதோடு சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பிய இசையில் இந்த ஏற்பாட்டுக்குப் பெர்கஷன் கான்செர்ட்டோ என்று பெயர். அங்கே அதற்கு இன்னும் நூறு வயதுகூட நிறையவில்லை. நம் மேளத்தில் அது கோயில் சடங்கோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. தவிலைத் துணை வாத்தியம், பக்கவாத்தியம் என்று வகைப்படுத்தி எழுதிவந்த இசை விமர்சனம் இதைக் கண்டுகொள்ளவில்லை. மெட்டு ஓரிடத்தில் நிலைத்து நிற்க, தாளம் அதன்மேல் ஏறிப் பேசுகிற வடிவம் நம்மிடம் முழுமையாக இருக்கிறது என்பதையும், அது கரிசல் காட்டு ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் மேற்கைப் பார்த்துவிடலாம். சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் தாளக்காரர்களின் இடம் கடைசி வரிசை. பல பக்கங்களுக்குச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, உச்சக் கட்டத்தில் எழுந்து நின்று முழக்கிவிட்டு மறுபடி உட்காருவார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியஸ் மியோ 1929-30இல் சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒற்றைத் தாளக்காரருக்குமாக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். பின்வரிசை மனிதரை முன்னால் கொண்டுவந்து நிறுத்திய முதல் முயற்சிகளில் அது ஒன்று. ஒரே ஆள் தன்னைச் சுற்றிப் பல வாத்தியங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மாறிமாறி வாசிக்க வேண்டும். அதன்பிறகும் இந்த வடிவம் மெதுவாகத்தான் நகர்ந்தது. அதற்கு ஒரு கதாநாயகி தேவைப்பட்டாள்.

எவெலின் கிளெனி ஸ்காட்லாந்துக்காரர். 1965இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வை உடம்பால் உணர்வதற்காகச் செருப்பில்லாமல் மேடையில் நின்று வாசிப்பார். தாள வாத்தியத் தனிக் கலைஞர் என்பதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்ட அவருக்காக, ஜேம்ஸ் மாக்மில்லன் எழுதிய ‘வேனி, வேனி, இம்மானுவேல்’ 1992 ஆகஸ்டில் லண்டன் ப்ராம்ஸ் விழாவில் ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேறியது. சுமார் 25 நிமிடம் ஓடும் ஒரே இழை. முடிவில் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தங்கள் வாத்தியத்தை வைத்துவிட்டுச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைத் தட்டத் தொடங்க, தனிக் கலைஞர் மேடையின் பின்பக்கம் போய்ப் பெரிய குழாய் மணிகளை அடிப்பார். குழு மொத்தமும் தாள வாத்தியக் குழுவாக மாறிவிடுகிற இடம் அது. பிறகு ஜோசப் ஷ்வாண்ட்னரின் கான்செர்ட்டோ 1995இல் நியூயார்க்கிலும், ஜெனிபர் ஹிக்டனுடையது 2005இலும் வந்தன. இன்று சின்ன நகரத்து ஆர்கெஸ்ட்ராக்கள்கூட இவற்றை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கின்றன. பார்க்கவும் ஆள் வருகிறார்கள்.

இந்தியத் தாள வாத்தியம் இந்த வரிசைக்கு வந்த கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இலங்கையில் பிறந்து, துபாயில் வளர்ந்து, கனடாவில் வாழும் தினுக் விஜேரத்ன 2011இல் ஒரு தபலா கான்செர்ட்டோ எழுதினார். கனடாவின் கிழக்குக் கரையில் ஹாலிபாக்ஸ் நகரத்தில் இருக்கும் சிம்பொனி நோவா ஸ்கோஷியா அதை வாசித்தது. அது ஒரு மாகாணத்து வட்டார ஆர்கெஸ்ட்ரா. அதன் மூன்றாம் பகுதியில், தபலாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தனி வாசிப்பில் வைத்திருக்கும் உருப்படிகளைக் கோத்து, அவற்றுக்கு ஆர்கெஸ்ட்ராவைப் பதில் சொல்ல வைத்திருக்கிறார். மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, ஜாகிர் உசேனிடம் ஒரு கான்செர்ட்டோ கேட்டு வாங்கியது. ‘பேஷ்கார்’ என்ற அந்தப் படைப்பு 2015 செப்டம்பரில் ஜேன் தலால் நடத்த, ஜாகிரே வாசிக்க அரங்கேறியது. 2019இல் அதே ஆர்கெஸ்ட்ரா அதை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கொண்டுபோனது. 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்தார்.

இந்த இரண்டு படைப்பிலும் ஒரே முடிச்சு இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராக்காரருக்கு எல்லாமே தாளில் எழுதியிருக்க வேண்டும். தபலாக்காரருக்கோ எழுதிவிட்டால் உயிர் போய்விடும். வடஇந்தியத் தபலாத் தனியில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. சாரங்கியோ ஆர்மோனியமோ ஒரு சின்ன மெட்டைத் தாளத்தின் ஒரு சுற்றுக்குள் அடக்கித் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதற்கு லெஹரா என்று பெயர். மெட்டு கடிகாரம்போல் சுற்ற, தபலா அதற்குள் தன் இஷ்டத்துக்கு உலாவும். கர்நாடகக் கச்சேரித் தனி ஆவர்த்தனத்தில் அப்படி ஒன்று இல்லை. வித்வான் பாட்டை நிறுத்திக் கையால் தாளம் போடுவார். மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் தாங்களாகவே வாசித்துவிட்டு, கோர்வையில் பாட்டின் எடுப்பைப் பிடிப்பார்கள். அங்கே குழு விலகி நிற்கிறது, தாங்குவதில்லை. ஆகவே தனி ஆவர்த்தனத்தைக் கான்செர்ட்டோவுக்கு இணை என்று சொல்வது சரியாக வராது. அது கான்செர்ட்டோவின் நடுவில் தனிக் கலைஞர் ஒற்றையாக வாசிக்கும் பகுதிக்குத்தான் இணை. தாள வாத்தியக் கச்சேரியும் இதில் சேராது. அதில் மெட்டுக்கே இடமில்லை.

தெற்கில் அந்த இணை வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தேடப் பெரிய ஊருக்குப் போக வேண்டியதில்லை.

குருவிகுளம் பழைய ஜமீன் ஊர். இன்று தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். மேற்கே சங்கரன்கோவில், பக்கத்திலேயே கழுகுமலை, அதைத் தாண்டினால் கோவில்பட்டி, அப்பால் எட்டயபுரம். இந்த நாலு பெயரும் தமிழிசை வரலாற்றில் கனமான பெயர்கள். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைப் பக்கம் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அந்த வாத்தியத்தோடு எட்டயபுரம் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவின் முதுகெலும்பான வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த ஆரம்ப காலத்திலேயே கரிசல் மண்ணையும் மிதித்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர்தான் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எட்டயபுரத்திலிருந்து அச்சிட்டு வெளியிட்டார்.

இன்னொரு பக்கம் சென்னிகுளம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடினார். காவடி தூக்கி நடப்பவனின் கால் வைப்புக்கு ஏற்ற தாளக்கட்டு அது. வார்த்தை முந்தியா தாளம் முந்தியா என்று பிரிக்க முடியாத பாட்டு. சங்கரநாராயணர் கோயில் ஆடித்தபசுக்கும், கழுகுமலைத் திருவிழாக்களுக்கும் காவடியும் பால்குடமும் சுமந்து வந்த தலைமுறைகளுக்குத் தாளம் என்பது காதுக்கு வருமுன் காலுக்கு வந்த விஷயம். இதோடு வில்லுப்பாட்டின் குடத்தையும் உடுக்கையையும், கணியான் கூத்தில் உச்சமும் மந்தமுமாக எதிரொலிக்கும் இரண்டு மகுடங்களையும், ராஜகம்பளத்தார் தேவராட்டத்தின் துந்துபியையும் சேர்த்துக்கொண்டால், இந்த வட்டாரத்துக் காது எதில் பழகியது என்பது விளங்கும். மெட்டைவிட நடையைக் கேட்டு வளர்ந்த காது.

கோவில்பட்டி என்றால் காருகுறிச்சி அருணாசலம். 1921இல் காருகுறிச்சியில் பிறந்து, டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பழகி, கோவில்பட்டியில் வீடு கட்டி வாழ்ந்து, 1964இல் சின்ன வயதிலேயே போய்விட்டவர். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட நாயனம் அவருடையதுதான். பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருக்கு நெருக்கமான ரசிகர்கள். அவருடைய நூற்றாண்டை ஒட்டி லலிதாராம் எழுதிய ‘காருகுறிச்சியைத் தேடி’ அந்தக் காலத்தை நன்றாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் காருகுறிச்சி என்றதும் நினைவுக்கு வருவது நாயனத்தின் குழைவுதான். பின்னால் நின்ற தவிலை நினைப்பவர் குறைவு. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். கீர்த்தனையையே நறுக்கித்தான் அதில் அடக்கினார்கள். தவிலின் தனிக்கு அதில் இடமே கிடையாது. தட்டின் வழியாக வளர்ந்த ரசனை, தவிலைப் பின்னணிச் சத்தமாகவே கேட்டுப் பழகியது. திருவிழாத் தெருவில் நின்று கேட்டவர்களின் ரசனை வேறு மாதிரி இருந்தது. அதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

தவிலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலாமரத்தைக் குடைந்த கட்டை. நடுவில் பருத்து, இரு தலையும் ஒடுங்கும். முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டும். இடப்பக்கத் தலையைப் பூவரசங் குச்சியால் அடிக்க வேண்டும். வலப்பக்கத் தலைக்கு விரல்கள். வெறும் விரலால் அந்தத் தோலில் அப்படி ஒரு சத்தத்தை எடுக்க முடியாது. துணியைக் கீற்றாகக் கிழித்து, பசை தடவி, விரல் பருமனுக்கு அடுக்கடுக்காகச் சுற்றிக் காயவைத்தால் கல்போல் இறுகிவிடும். அதற்குக் கூடு என்று பெயர். வாசிக்க வருமுன் தவில்காரர் ஒவ்வொரு விரலாகக் கூட்டை மாட்டி, தோலில் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்து, தளர்ந்தால் எடுத்து மறுபடி மாட்டுவார். கூடு சரியாக உட்காராவிட்டால் ஜம் என்ற சொல் ஜம் என்று கேட்காது. இந்த நிலைக்கு வருவதற்கு முன் மாணவன் வருஷக் கணக்கில் கல்லிலும் பலகையிலும் சாதகம் செய்திருப்பான். தவில் தோளில் ஏறுவது பிற்பாடுதான்.

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். மிருதங்கத்தின் வலந்தலையில் கருப்பாகச் சோறு இருக்கும். அதனால் அது பாடகரின் சுருதியோடு சேர்ந்து நிற்கும். தவிலுக்குச் சோறு கிடையாது. அது எந்தச் சுருதிக்கும் கட்டுப்பட்டதில்லை. ஆகவே எந்தச் சுருதியோடும் அதற்குப் பகையும் இல்லை.

இனி மல்லாரி. கோயிலில் சாமி புறப்படும்போது நாயனத்தில் முதலில் எழுவது அதுதான். கம்பீர நாட்டை ராகம். சாகித்தியம் கிடையாது. தீர்த்தம் கொண்டுவருவதற்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று, புறப்பாட்டுக்குப் பெரிய மல்லாரி என்று சடங்குக்கு ஒன்றாக வகைகள் உண்டு. முதலில் தவில் அலாரிப்பு வாசிக்கும். அதாவது தொடக்கமே தாள வாத்தியத்துடையது. மெட்டு பிறகுதான் வரும். மெட்டும் எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். சுரங்களால் ஆன ஒரு கட்டான வரி. நாயனம் அதை முதல் காலத்தில், விளம்பமாக, நிறுத்தி நிதானமாக வாசிக்கும். பிறகு அதே வரியை இரண்டு மடங்கு வேகத்தில். பிறகு நாலு மடங்கில். இடையே திஸ்ரத்திலும் திருப்பும். வரி மாறுவதில்லை, அது தாளத்தின்மேல் நிற்கும் கணக்குத்தான் மாறுகிறது. ராகத்தை விரித்துக் காட்டுவது இங்கே நாயனக்காரரின் நோக்கமல்ல. தாளம் என்ற தரையின் நீள அகலத்தை அளந்து காட்டுகிறார். அளந்து கொடுத்த தரையில் தவில் ஆடுகிறது.

முதல் காலத்தில் மெட்டின் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் நிறைய இடம் கிடக்கும். தவில்காரர் அந்த இடைவெளியில்தான் தன் சொற்கட்டுகளைப் போட்டு நிரப்புவார். மெட்டு மெதுவாகப் போகப் போகத் தவில் அடர்ந்து பேசும். மூன்றாம் காலத்தில் நாயனம் ஓடத் தொடங்கியதும் இடைவெளி அடைபட்டுவிடும். அப்போது தவில் மெட்டின் முனைகளை மட்டும் பிடித்து அடித்துக்கொண்டே போய்த் தீர்மானத்தில் இறங்கும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்குச் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. 10 மாத்திரை கொண்ட ஒரு சொற்கட்டை எடுத்து, ஒரு மாத்திரை கார்வை விட்டு, மறுபடி 10, மறுபடி ஒன்று, மறுபடி 10 என்று வைத்தால் கணக்கு 32க்குச் சரியாக வந்து அடுத்த சமத்தில் விழும். இது ஆரம்பப் பாடத்துக் கணக்கு. தேர்ந்தவர்கள் இதையே நாலு ஆவர்த்தனத்துக்கு நீட்டி, நடுவில் நடையை மாற்றி, விழப்போகும் இடத்தைக் கடைசி நிமிடம் வரை மறைத்து வைப்பார்கள். விழும்போது நாயனமும் சேர்ந்து விழும். அந்தச் சேர்க்கைக்குக் கைதட்டத் தாளக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேர்வடம் பிடிக்க வந்தவருக்கும் அது உடம்பில் தெரியும்.

மெட்டுக் குழு கட்டளையாக ஒரே வரியைச் சுமக்கிறது. தாள வாத்தியம் சுதந்திரமாகப் பேசுகிறது. குறித்த இடங்களில் இரண்டும் கைகோக்கின்றன. விஜேரத்னவும் ஜாகிரும் தாளில் எழுதித் தீர்க்கப் பார்த்த முடிச்சுக்கு மல்லாரி எழுதாமலேயே விடை வைத்திருக்கிறது. ராக ஆலாபனையிலும் இதன் சாயல் உண்டு. பாட்டுக் கச்சேரியில் ஆலாபனையின்போது மிருதங்கம் வாய் திறக்காது. மேளத்தில் நாயனக்காரர் ஒரு கட்டத்தை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் தவில் புகுந்து வாசிக்கும். ராகம் விட்ட இடத்தைத் தாளம் நிரப்புகிறது. பக்கவாத்தியம் என்ற சொல்லால் இந்த உறவைச் சொல்லி முடிக்க முடியாது.

நையாண்டி மேளத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் வெளிப்படை. பொதுவாக இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஜால்ரா. ஏழு பேரில் நாலு பேர் தோல்கருவிக்காரர்கள். நாயனம் ஒரு தெம்மாங்கு மெட்டையோ சினிமா மெட்டின் முதல் அடியையோ பிடித்துச் சுற்றிச் சுற்றி வாசிக்கும். கரகம் எடுத்தவர் ஆடுவார். தவில் அவர் காலைப் பார்த்து வாசிக்கும். சில இடத்தில் தவில் முந்திச் சொல்ல, கால் அதற்குப் பதில் சொல்லும். பெரிய மேளத்துக்காரர்கள் இதைக் குறைவாகப் பேசுவது உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மல்லாரியில் இருக்கும் அதே வடிவம்தான் இங்கும் இருக்கிறது. ராகம் எளிமையாகிவிட்டது, தாளம் திஸ்ரத்தில் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு தவிலும் குறைப்பு வாசிக்கும்போது ஓர் ஆவர்த்தனம் அவர், ஓர் ஆவர்த்தனம் இவர், பிறகு அரை, பிறகு கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து ஒன்றாகச் சேரும் இடத்தில், பெரிய மேளத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் நடுவே போட்ட கோடு காணாமல் போகிறது.

தவில் இவ்வளவு செய்தும் அதற்குரிய இடம் ஏன் கிடைக்கவில்லை? சபா மேடை தாள வாத்தியத்தைப் பொதுவாகவே தாமதமாகத்தான் மதித்தது. மியூசிக் அகாதெமி 1928இல் தொடங்கியது. சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்கக்காரரை முதன்முதலாகச் சேர்ந்தது 1966இல், பாலக்காடு மணி ஐயர் வழியாக. மிருதங்கத்தின் கதியே இதுவென்றால் தவிலைப் பற்றிக் கேட்க வேண்டாம். சாதியை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. நாயனமும் தவிலும் வாசித்த சமூகங்கள் வீட்டுத் திண்ணைவரை மட்டுமே அனுமதிக்கப்பட்ட காலம் இருந்தது. தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவர்கள் அந்தத் திண்ணைக்கும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் இந்த மௌனத்தை உடைத்தது. தவில் கட்டுபவர்களைப் பற்றியும் அப்படி ஒரு நூல் வர வேண்டும்.

ஆனால் மேடையே ஏற்றுக்கொள்ள வேண்டி வந்த மேதைகளும் இருந்தார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கேட்க மட்டுமே கூட்டம் வந்தது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். அவர் தமிழ்நாட்டில் வாசித்த காலத்தில், இங்கத்திய தவில்காரர்கள் எட்டி நின்று அவர் கையைப் பார்த்தார்கள். அம்ஷன்குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. அதைப் பார்ப்பவர்கள், ஒலிப்பதிவில் எஞ்சியிருக்கும் அவருடைய தனியைக் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். எத்தனை விரல் வாசிக்கிறது என்று எண்ண முடியாது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர். அவருடைய வழியும் தவிலின் கணக்கிலிருந்து கிளைத்ததுதான். அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன், 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொற்கட்டை ஒரு பாடமாகவே நிலைநாட்டினார். தெருவில் வளர்ந்த கணக்கு அங்கே வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய நிலவரம் கவலை தருகிறது. பல கோயில்களில் பூசை நேரத்துக்கு மோட்டார் வைத்த மேளப்பெட்டி அடிக்கிறது. சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் சேகண்டியும் ஒரே வேகத்தில் இடிக்கும். அதற்குச் சம்பளம் கிடையாது, மல்லாரியும் தெரியாது. கல்யாண ஊர்வலத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளத்தை வரவழைப்பது தென்மாவட்டங்களில் பெருமையாகிவிட்டது. செண்டை மேளம் மகத்தான கலை. பஞ்சாரியும் பாண்டியும் மணிக்கணக்கில் கட்டி எழுப்பும் கட்டடங்கள். ஆனால் இங்கே அதை அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சினிமாப் பாட்டுக்குத் தாளம் போட வைக்கிறார்கள். அந்தக் கலைக்கும் அதில் மரியாதை இல்லை. ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்தபிறகு, நையாண்டி மேளத்துக்கு ஒதுக்கும் நேரம் சுருங்கிவிட்டது. நேரம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது தவிலின் தனி. வருமானம் குறையும்போது முதலில் நிற்பது இரண்டாவது தவில். இரண்டாவது தவில் இல்லாமல் குறைப்பு வாசிக்க முடியாது. குறைப்பைக் கேட்காமல் வளரும் பையன் அதைக் கற்றுக்கொள்ளவும் மாட்டான். இந்தச் சங்கிலி இப்போது கண்ணெதிரே அறுந்துகொண்டிருக்கிறது.

தவிலுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் மேளத்துக்கு மேற்கின் முத்திரை வேண்டும் என்பதற்காக அல்ல. பதிவாகாமல் போகும் ஒரு வடிவத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்திக் காட்ட அது ஒரு வழி என்பதற்காக. நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. தவில் தெருவுக்கும் தேரடிக்கும் பிறந்த வாத்தியம். மூடிய அரங்கில் பத்து வயலினை அது விழுங்கிவிடும். எனவே ஆர்கெஸ்ட்ராவில் ஊது வாத்தியங்களும் பித்தளையும் கூடுதலாக வேண்டும்; நரம்பு வாத்தியங்களைத் தவில் ஓய்ந்திருக்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். சுருதிச் சிக்கல் எழாது. தவிலுக்குச் சோறு இல்லை என்று மேலே சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது. ஆர்கெஸ்ட்ரா எந்தச் சுருதிக்கு மாறினாலும் தவில் உறுத்தாது. நடத்துநரின் கோல் ஒரு பக்கம், ஜால்ராக்காரரின் கை ஒரு பக்கம் என்று இரண்டு தலைமை வந்தால் குழப்பம் வரும். ஜால்ராவையே நடத்துநருக்குப் பக்கத்தில் நிறுத்தி, சமத்தை அவர் காட்ட, நடத்துநர் அதைப் பின்பற்றட்டும். வடிவத்துக்கு மல்லாரியே போதும். அலாரிப்பில் தவில் ஒற்றையாகத் தொடங்கும். கம்பீர நாட்டை வரியை ஆர்கெஸ்ட்ரா மூன்று காலத்திலும் திஸ்ரத்திலும் எழுதியது எழுதியபடி வாசிக்கும். அதன்மேல் தவிலுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. எந்த ஆவர்த்தனத்தில் சேர வேண்டும் என்பதை மட்டும் குறித்தால் போதும். நடுப்பகுதியில் இரண்டாவது தவில் எழுந்து குறைப்பு வாசிக்கட்டும்.

இதற்குமுன் செய்தாக வேண்டியது பதிவு. சங்கரன்கோவில், கழுகுமலை, குருவிகுளம் பக்கத்து விழாக்களில் இன்னும் இரட்டைத் தவில் வைத்து வாசிக்கும் குழுக்களின் தனியை, வெட்டாமல், தொடக்கம் முதல் முடிவுவரை, தவிலின் இரண்டு தலைக்கும் தனித்தனி மைக் வைத்து, தாளம் போடும் கை தெரியும்படி படமும் எடுத்துச் சேர்க்க வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடங்களுக்கு இந்த மாதிரி வேலையில் அனுபவம் உண்டு. வாசிப்பவருக்கு விழாச் சம்பளத்துக்கு மேல் பதிவுக்கென்று தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பதிவு ஆகாது, சுரண்டல் ஆகிவிடும்.

ஒத்திகைக்கு மும்பைக்கோ லண்டனுக்கோ போக வேண்டாம். திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் நாலும் ஒரே கூரையின்கீழ் மூன்றாண்டுப் பாடமாக நடக்கின்றன. வயலின் மாணவர்கள் ஐந்தாறு பேர் மல்லாரி வரியை முதல் காலத்தில் பிசகாமல் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினால், மூன்றாம் ஆண்டுத் தவில் மாணவர் ஒருவர் அதன்மேல் வாசித்துப் பார்க்கலாம். எந்த இடத்தில் வரி நடுங்குகிறது, எங்கே தவில் மூடுகிறது, எத்தனை ஆவர்த்தனம் தாங்குகிறது என்பது அந்த முதல் மதியத்திலேயே தெரிந்துவிடும்.